பெயர் தேய்ந்த பந்து

ஓடைக்கரைக் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் வெயிலுகந்தன் வருவதற்கு முன்பே அவருடைய சாவிக்கொத்து வந்துவிடும். இடுப்பில் அது குலுங்கும் சத்தம் கேட்டால் மரத்தடியில் படுத்திருக்கும் பையன்கள் எழுந்து உட்காருவார்கள்.

"ஏலே, சாவி சார் வாராரு."

அந்தப் பெயர் அவருக்கும் தெரியும். கோபம் கிடையாது. பொறுப்பான ஆளுக்குப் பொறுப்பான பெயர் என்று எடுத்துக்கொண்டார்.

அந்தக் கல்லூரியின் வாலிபால் அணி ஒரு காலத்தில் பேர் வாங்கிய அணி. இப்போதெல்லாம் முதல் ஆட்டத்திலேயே தோற்று, மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஊர் திரும்பிவிடுகிறது.

ஆனி மாதத்தில் ஒருநாள் செயலர் தாயுமானவன் அவரை அழைத்தார்.

"விளையாட்டு விடுதிய மூடிரலாம்னு இருக்கோம் சார்."

விடுதிப் பையன்கள் எல்லோரும் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கவும் கல்குவாரியில் கல் உடைக்கவும் போகிற வீடுகளிலிருந்து வந்தவர்கள். விடுதி இல்லையென்றால் அவர்களுக்குப் படிப்பும் இல்லை.

செயலர் கெட்டவர் அல்ல. அவருக்கும் சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது.

"பொங்கல் போட்டி வரைக்கும் பாப்போம். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நாளைக்கே மூடுனா, இந்த ஊர்ல ஒரு ஆளாவது ஏன்னு வந்து கேப்பானா? ஒருத்தன் கேக்கட்டும், மூடல."

வெயிலுகந்தன் யோசித்துப் பார்த்தார். ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் அணிக்கு உதவி கேட்டுப் பஜாரில் கடை கடையாக ஏறி இறங்கினார். சிலர் தண்ணீர் கொடுத்தார்கள். சிலர் முதலாளி வெளியூர் போயிருப்பதாகச் சொன்னார்கள். சொன்னது முதலாளியேதான். கடைசியாக எண்ணெய்க்கடை பிச்சையா அண்ணாச்சியிடம் போனார். போன வருடம் கல்லூரிக்குப் பந்துகள் வாங்கிக் கொடுத்தவர் அவர். அதற்கு ஒரு விழா எடுத்து, அண்ணாச்சிக்குப் பொன்னாடை போர்த்தி, பையன்களை வெயிலில் வரிசையாக நிறுத்திக் கைதட்ட வைத்திருந்தார் வெயிலுகந்தன்.

"வாங்க சார். நான் குடுத்த பந்தெல்லாம் எப்படி இருக்கு?"

இந்தக் கேள்விக்காகத்தான் வெயிலுகந்தன் ஒரு வருடமாகக் காத்திருந்தார்.

"குடுத்த மாதிரியே இருக்கு அண்ணாச்சி. ஒவ்வொண்ணுலயும் உங்க பேர எழுதி, திரும்பக் கவர்ல போட்டு, ஸ்டோர் ரூம்ல வச்சுப் பூட்டியிருக்கேன். ஒரு தூசி கிடையாது."

"அப்படியா?"

"வந்து பாருங்க. பளபளன்னு இருக்கும்."

அண்ணாச்சி எண்ணெய்க் கரண்டியைத் துடைத்து வைத்தார்.

"பெறவென்ன சார்? இருக்கும்போது எதுக்குப் புதுசு?"

கடையை விட்டு இறங்கிய வெயிலுகந்தனுக்கு எங்கே தவறியது என்று விளங்கவில்லை. இவ்வளவு பத்திரமாக வைத்திருந்தும் அதற்கு ஒரு மதிப்பில்லையே என்றுதான் இருந்தது.

ஆற்றுக்கு அந்தக் கரையில் ஒரு பெண்கள் கல்லூரி உண்டு. சின்னக் கல்லூரி. அதன் வாலிபால் அணி வருடா வருடம் கோப்பையோடு திரும்பும்; கேட்காமலே ஊர் அதற்குக் கொடுக்கும். பயிற்சியாளர் பிளாரன்ஸுக்கு வெயிலுகந்தனைவிடப் பதினைந்து வயது குறைவு. அவள் பள்ளிக்கூடத்தில் ஆடிய காலத்தில் இவர் நடுவராக நின்று விசில் ஊதியிருக்கிறார். கௌரவத்தைச் சட்டைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு அவளிடம் போனார்.

சாயங்காலம். மைதானத்தில் பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். சுற்றுச்சுவர் மேல் ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பூக்காரம்மா கூடையை மடியில் வைத்துக்கொண்டு, "ஏட்டி, காலு என்ன ஒட்டிக்கிட்டா? ஓடு!" என்று கத்தினாள். பஸ் டிரைவர் ஒருவர் காக்கிச் சட்டையோடு நின்று, நடுவர் முடிவு தப்பு என்று வாதாடினார். நடுவரே கிடையாது. வலையில் நாலைந்து இடத்தில் ஒட்டுப்போட்டிருந்தது. பந்துகள் தோலுரிந்து வழுக்கையாகக் கிடந்தன.

வெயிலுகந்தன் எல்லாவற்றையும் பார்த்தார். பரிதாபமாக இருந்தது.

"சார்! நீங்க எங்க இந்தப் பக்கம்?" பிளாரன்ஸ் ஓடி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நாற்காலி வேண்டாம்மா. சிஷ்யனா வந்திருக்கேன்."

"நல்லா இருக்கே கதை! நீங்க எனக்கு சிஷ்யனா?"

"வேடிக்கை இல்லம்மா. விடுதிய மூடப் போறாங்க."

அவள் சிரிப்பு நின்றது. முழுவதும் கேட்டாள்.

"எனக்கு ஒண்ணுதான் தெரியணும்," என்றார் வெயிலுகந்தன். "நானும் கேக்கேன், எனக்கு யாரும் குடுக்கல. உங்களுக்கு மட்டும் எப்படி குடுக்காங்க?"

பிளாரன்ஸ் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அறைக்குள் போனாள். அன்று காலைதான் யாரோ கொண்டுவந்து கொடுத்த புதுப் பந்து ஒன்றை எடுத்து வந்தாள். வெள்ளையும் நீலமுமாக மினுங்கியது. பத்தடி தள்ளி நின்று, அவரைப் பார்த்து வீசினாள்.

தரையெல்லாம் சரளைக் கல். வெயிலுகந்தன் பாய்ந்து இரண்டு கையாலும் பந்தைப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

விசில் அலறியது.

பிளாரன்ஸ் உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, முன்கையை மெல்ல உயர்த்திக் காட்டினாள். தட்டிவிட வேண்டிய பந்தைப் பிடித்தது தப்பு என்று நடுவர் காட்டும் சைகை. வாழ்நாள் முழுக்க அவரே காட்டி வந்தது. ஆடிக்கொண்டிருந்த பெண்கள் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"புதுப் பந்தும்மா," என்றார் அவர். "கல்லுல விழுந்துருமேன்னு..."

"ஆமா சார். போயிட்டு வாங்க."

"பதில் சொல்லலையே?"

"பஸ்ஸு போயிரும் சார்."

பஸ்ஸில் வரும்போது அவருக்குக் கோபம் கோபமாக வந்தது. பொடிப் பிள்ளை, என்னைப் பார்த்து விசில் ஊதுகிறாள். பாலம் தாண்டியதும் கோபம் கொஞ்சம் இறங்கியது. கண்டக்டர் சீட்டு நீட்டியபோதுதான், தன் இரண்டு கைகளும் இன்னும் நெஞ்சை ஒட்டி மடங்கியே இருப்பதைக் கவனித்தார்.

மறுநாள் காலை ஸ்டோர் ரூம் கதவைத் திறந்தார். ரப்பர் வாசனை அடித்தது. அலமாரியில் பந்துகள் கவருக்குள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் சிவப்புப் பெயின்டில் எழுத்து: 'உபயம்: பிச்சையா எண்ணெய்க்கடை.' கோயில் டியூப்லைட்டில் எழுதுகிற அதே பெயின்டரை வைத்து எழுதியது. வெளியே பையன்கள், தையல் விட்டுப்போன ஒரே பந்தை வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். தையலைப் போட்டுவர வாரம் ஒருமுறை செருப்பு தைப்பவரிடம் போவார்கள்.

அவர் பந்துகளை மைதானத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டினார்.

ஒருவரும் தொடவில்லை. அணியின் கேப்டன் இசக்கிராஜா தயங்கித் தயங்கி வந்தான்.

"யாரு சார் வாராங்க?"

"யாரும் வரல."

"அப்ப போட்டோ எடுக்கவா?"

"ஆடுறதுக்குடா."

"இதுலயா?"

"இல்ல, சாப்பிடுறதுக்கு. எடுலே!"

அந்த மாதம் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. பந்து தரையில் மோதும் ஒவ்வொரு தடவையும் அவர் கை தன்னால் பிடிக்க நீண்டது. பையன்கள் அதுவரை ஓடாத ஓட்டம் ஓடினார்கள். எட்டாத பந்துக்கு விழுந்து புரண்டார்கள். முழங்கையில் தோல் போயிற்று, பந்தில் பெயின்ட் போயிற்று. ஒருநாள் நெட்டை என்று கூப்பிடப்படும் உயரமான பையன் ஏறி அடித்த அடியில், பந்து எல்லையைத் தாண்டிப் பறந்து கருவேல முள்ளில் இறங்கியது. வெடித்த சத்தம் பிரின்சிபால் அறை வரைக்கும் கேட்டது.

வெடித்த பந்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு மறுபடி ஆற்றைத் தாண்டினார்.

"போச்சும்மா," என்று பந்தை எடுத்து நீட்டினார்.

பிளாரன்ஸ் அதை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"நல்லா ஆடிருக்காங்களே சார்!"

"கணக்குப் பாக்க வந்தா நான் என்ன சொல்லுவேன்?"

"யாரு வருவா?"

"ஆபீஸ்ல இருந்து."

"அது இருக்கட்டும். குடுத்தவரு பாத்தாரா?"

"அண்ணாச்சியா? இதையா? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் காட்ட? அவரு பேருகூட அழிஞ்சுபோச்சு, பாருங்க."

பிளாரன்ஸ் பந்தை அவருடைய பைக்குள்ளேயே திரும்பப் போட்டாள். பையின் காதுகளை முடிச்சுப்போட்டு அவர் கையில் கொடுத்தாள். பிறகு மைதானத்தைப் பார்த்துத் திரும்பி, "ஏட்டி, சர்வீஸ் போடு!" என்று கத்தினாள்.

வெயிலுகந்தன் எண்ணெய்க்கடை முன்னால் நின்றார். உள்ளே வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. கூட்டம் குறையட்டும் என்று ஒதுங்கினார். குறைந்த பிறகும் ஒதுங்கியே நின்றார்.

"என்ன சார், வெளியவே நிக்கீங்க? பையில என்ன, தேங்காயா?"

முடிச்சை அவிழ்த்துப் பந்தை எடுத்து மேசை மேல் வைத்தார். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து அமுங்கியது. 'பிச்' என்ற இரண்டு எழுத்து மட்டும் பாக்கியிருந்தது.

அண்ணாச்சி அதை ஒரு சுற்று உருட்டிப் பார்த்தார்.

"என் பேரு எங்க?"

"தேஞ்சுபோச்சு அண்ணாச்சி."

"பெயின்டு பேருதானே? எப்படித் தேயும்?"

"அடிச்சு."

"யாரு அடிச்சா?"

"பயலுகதான். காலையில அடிப்பான், சாயங்காலம் அடிப்பான். இந்த ஒண்ணு மட்டும் இல்ல, எல்லாப் பந்துலயும் அப்படித்தான். மன்னிச்சுக்கிடுங்க."

அண்ணாச்சி கட்டைவிரலால் பந்தின் வழுக்கையைத் தடவினார். எண்ணெய் பட்டு அந்த இடம் மினுமினுத்தது.

"கோயில்ல நான் போட்ட டியூப்லைட்டு இருபது வருசமா எரியுது. ஒரு பய என் பேர இந்த அடி அடிக்கல."

"அண்ணாச்சி..."

"எத்தன மணிக்கு ஆடுவானுக?"

அன்று சாயங்காலம் பிச்சையா கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்தார். பூமாலை இல்லை, நாற்காலிகூட இல்லை. வெயிலுகந்தன் பதறி ஆபீசுக்கு நாற்காலி எடுத்துவர ஆளனுப்பினார். அது வருவதற்குள் அண்ணாச்சி மைதானத்துச் சுவரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவர் தொண்டை திறந்தது.

"லேய் நெட்டை! பனைமரம் மாதிரி வளந்திருக்கே, வலைக்கு மேல கைய நீட்டத் தெரியல? ஏறி அடிலே!"

நெட்டை ஏறி அடித்தான். பந்து அந்தப் பக்கம் இறங்கித் தரையில் அறைந்தது. அண்ணாச்சி வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரிலிருந்து குதித்தார்.

அடுத்த நாள் அவரோடு பாத்திரக்கடைக்காரர் வந்தார். அதற்கடுத்த வாரம் பரோட்டாக்கடை மாஸ்டரும், தீப்பெட்டி ஆபீஸ் விட்டு வீடு திரும்பும் பெண்களும் வந்து நின்றார்கள். சுவரில் இடம் போதவில்லை. ஒரு பையன் சரியாக ஆடவில்லை என்றால் மறுநாள் பஜாரில் அவனுக்கு டீ கிடையாது. நன்றாக ஆடினால் காசு வாங்க மாட்டார்கள். விடுதிச் சமையலறைக்கு எண்ணெய் வந்தது, வாழைத்தார் வந்தது, அரிசி வந்தது. யார் அனுப்பினார்கள் என்று வெயிலுகந்தன் எழுதி வைக்கப் பார்த்தார். பேர் வேண்டாம் என்றார்கள்.

"அடுத்த செட்டு பந்து நான் வாங்குதேன்," என்றார் பாத்திரக்கடைக்காரர்.

"அதெப்படி? நான்தானே முதல்ல?" என்று அண்ணாச்சி சண்டைக்கு வந்தார். "என் பந்து ஒண்ணு இன்னும் முழுசா தேயல. அது தேயட்டும், பெறவு வாரும்!"

ஸ்டோர் ரூமைத் திறக்கவும் பூட்டவும் ஓடி ஓடி வெயிலுகந்தனுக்குக் கால் வலித்தது. ஒருநாள் சாவிக்கொத்தைக் கழற்றி இசக்கிராஜாவிடம் எறிந்தார். அவன் பிடிக்கப் போய், தவறவிட்டு, எடுத்துக்கொண்டான்.

பொங்கல் வந்தது.

போட்டி ஓடைக்கரை மைதானத்திலேயே நடந்தது. பெரிய ஊர்க் கல்லூரிகள் எல்லாம் வந்திருந்தன. ஓடைக்கரை அணி முதல் ஆட்டத்தில் வென்றது. இரண்டாவதில் வென்றது. இறுதி ஆட்டத்துக்கு எதிரே நின்ற அணி ஒரே நிறத்தில் உடுப்பும் ஒரே நிறத்தில் பையுமாக ஏசி பஸ்ஸில் வந்து இறங்கியது. அவர்களுடைய தண்ணீர் பாட்டில்கூட ஒரே நிறம்.

கோட்டுக்கு அருகில் சோபா போட்டுச் செயலர் உட்கார்ந்திருந்தார். முன்னால் டீப்பாயில் தண்ணீர் பாட்டில்களும், விருந்தினர்களுக்குப் போர்த்த வேண்டிய பொன்னாடைகளும் இருந்தன. பிளாரன்ஸ் தன் பெண்களோடு வந்து, தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு செட் அவர்கள், இரண்டு செட் இவர்கள். ஐந்தாவது செட்டில் இழுபறி. கடைசியில் ஓடைக்கரைக்கு ஒரு பாயிண்ட் இருந்தால் கோப்பை என்று வந்து நின்றது.

எதிரணி அடித்த அடி, வலைக்கு மேலே தடுக்க எழும்பிய இசக்கிராஜாவின் கையில் பட்டுத் தெறித்து, கோட்டைத் தாண்டி, நேராகச் சோபாவைப் பார்த்துப் பறந்தது. சோபாப் பக்கம் போன பந்தை விட்டுவிடுவதுதான் அந்தக் கல்லூரியின் வழக்கம். பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் இடம். எதிரணி பாயிண்ட் கிடைத்துவிட்டதென்று கையைத் தூக்கிவிட்டது.

இசக்கிராஜா ஓடினான். ஒரு கால் டீப்பாயில் ஊன்றியது. பாட்டில்கள் உருண்டன. பொன்னாடைகள் பறந்தன. செயலரின் தலைக்கு மேலே பறந்து, முஷ்டியால் பந்தைத் திருப்பிக் குத்திவிட்டு, சோபாவுக்குப் பின்னால் தொப்பென்று விழுந்தான். பந்து உள்ளே வந்தது. லிஃப்டர் அதை வலையோரம் தூக்கிக் கொடுத்தான்.

"நெட்டை! ஏறி அடிலே!"

கத்தியது பிச்சையா மட்டுமல்ல. மொத்தச் சுவரும் கத்தியது. மடியெல்லாம் தண்ணீராக எழுந்து நின்ற செயலரும் கத்தினார்.

நெட்டை ஏறினான். அடித்தான்.

அதற்கப்புறம் மைதானத்தில் கோடும் தெரியவில்லை, வலையும் தெரியவில்லை. ஜனம்தான் தெரிந்தது. தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் குலவை போட்டார்கள். சோபாவுக்குப் பின்னால் கிடந்த இசக்கிராஜாவை யாரோ தூக்கினார்கள். விருந்தினருக்கு வைத்திருந்த பொன்னாடை ஒன்று அவன் கழுத்தில் ஏறியிருந்தது. வெயிலுகந்தன் நடுவில் நின்று எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டாமல் கையிலேயே வைத்திருந்தார்.

கோப்பையைக் கொடுத்து முடித்ததும், பிச்சையா நேராகச் செயலரிடம் போனார்.

"விடுதிய மூடப் போறதாப் பேச்சு அடிபடுதே. ஏன்?"

செயலர் வாயைத் திறப்பதற்குள் பாத்திரக்கடைக்காரர் வந்தார்.

"ஏன் சார் மூடுதீங்க?"

"அதைத்தான் நானும் கேக்கேன்," என்றார் பரோட்டா மாஸ்டர்.

"எங்க பிள்ளையளுக்கு என்ன கொறச்சல்? எதுக்கு மூடணும்?" தீப்பெட்டி ஆபீஸ் அம்மாள் ஒருத்தி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

செயலர் கூட்டத்துக்கு மேலாக வெயிலுகந்தனைத் தேடிப் பிடித்தார். ஈரவேட்டியைப் பிழிந்தார்.

"ஒருத்தன் கேட்டாப் போதும்னுதானே வே சொன்னேன்? நீரு ஊரையே கூட்டிட்டு வந்து நிக்கீரு. மூடல, மூடல! எல்லாரும் வழிய விடுங்க, வேட்டி மாத்தணும்." நாலடி போனவர் திரும்பினார். "அந்தக் கோப்பைய ஸ்டோர் ரூம்ல வச்சுப் பத்திரமாப் பூட்டும்."

வெயிலுகந்தனின் கை பழக்கத்தில் இடுப்புக்குப் போனது. அங்கே எதுவும் இல்லை. சுற்றிப் பார்த்தார். கோப்பையும் இல்லை.

பஜார் பக்கமிருந்து மேளச் சத்தம் கேட்டது.

கோப்பை திரும்பி வந்தபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. எண்ணெய்க்கடையில் அதில் பானகம் ஊற்றிக் குடித்திருந்தார்கள். பரோட்டாக்கடையில் சால்னா ஊற்றியதாகவும் சொன்னார்கள். சந்தனம் அப்பியிருந்தது. யாரோ பூச்சரம் சுற்றியிருந்தார்கள். இசக்கிராஜா அதை வெயிலுகந்தன் கையில் கொடுத்துவிட்டு, ஒரு பக்கத்தை உள்ளங்கையால் மறைக்கப் பார்த்தான்.

"கைய எடுடே."

எடுத்தான். நன்றாகப் பள்ளம் விழுந்திருந்தது.

வெயிலுகந்தன் அதைத் தூக்கிக்கொண்டு, புறப்பட நின்ற பிளாரன்ஸிடம் போனார்.

"பாத்தீங்களாம்மா, நசுக்கிட்டானுக. காலையில பட்டறையில குடுத்தா தட்டி நிமித்திருவான்."

பிளாரன்ஸ் பூச்சரத்தை ஒதுக்கிவிட்டுப் பள்ளத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இது யாரு போட்டது சார்?"

"யாருன்னு சொல்ல? ஊரே தூக்கிட்டுப் போச்சு."

அவள் தன் பெண்களைப் பஸ்ஸில் ஏறச் சொன்னாள். பிறகு கோப்பையை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"அப்ப நிமித்தாதீங்க சார்."